வைட்டமின் மாத்திரைக்குப் பிறகு ஆஸ்துமா கூடினால்: சந்தேகத்தை முறையாகச் சரிபார்ப்பது எப்படி

புதிதாக ஒரு சத்து மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலேயே இரவு இருமலும் நெஞ்சு இறுக்கமும் கூடிவிட்டன என்று ஆஸ்துமா உள்ள ஒருவர் சொன்னால், அவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. "வைட்டமின்தானே, அது என்ன செய்துவிடப் போகிறது" என்பது ஒன்று. "எல்லா மாத்திரைகளையும் உடனே நிறுத்து" என்பது மற்றொன்று. முதல் பதிலை நம்பினால், மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடிய ஒரு பொருள் அந்தப் புட்டிக்குள் இருந்தாலும் அது கண்ணில் படாமல் போய்விடும். இரண்டாவது பதிலை நம்பினால், எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாத மருந்தும் சேர்ந்து நின்றுபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில், சந்தேகத்தை மதித்து அதைப் படிப்படியாகச் சரிபார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவில் உட்கொள்ளப்படும் வைட்டமின் தானாகவே ஆஸ்துமாவைத் தூண்டுவது அரிது. ஆனால் வைட்டமின் தனியாக வருவதில்லை. மாத்திரையைக் கட்டியாக்கும் பொருள், கெடாமல் காக்கும் பொருள், நிறம், எண்ணெய், கேப்ஸ்யூல் உறை, விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட மூலிகைச் சாறு என ஒரு சிறு கூட்டமே அதனுடன் வருகிறது. ஆகவே "வைட்டமின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற முடிவுக்கு வருவதற்குள், இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே வரும் குறிப்பேடு, லேபிள் ஆராய்ச்சி எல்லாம் மூச்சு ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்களுக்கு உரியவை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாதபடி மூச்சு வாங்குவது, உதடோ நகமோ நீலம் பாரிப்பது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள சதை உள்வாங்குவது, நிவாரண இன்ஹேலரை (இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயை உடனே விரிக்க எடுப்பது) எடுத்தும் தணியாதது அல்லது தணிந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் இழுப்பு வருவது ஆகியவை அவசர நிலைகள். இத்தகைய நேரத்தில், மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த செயல்திட்டத்தின்படி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

மாத்திரை விழுங்கிய சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத்திணறலுடன் உடலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால், அதை வெறும் ஆஸ்துமா என்று எண்ணிவிடக் கூடாது. அது அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசியே. தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் போடப்பட வேண்டியது. இன்ஹேலர் அதற்குப் பிறகுதான் வரும். பாதிக்கப்பட்டவரைத் திடீரென எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. மூச்சு விடச் சிரமப்படுபவரைக் காலை நீட்டி உட்கார வைக்கலாம். அறிகுறிகள் தணிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து மீண்டும் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. செல்லும்போது மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பி வைட்டமின்களில் ஒன்றான பயோட்டினை அதிக அளவு எடுத்துக்கொள்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் இது மிகுதியாக இருக்கும். மாரடைப்பைக் கண்டறியச் செய்யப்படும் ட்ரோபோனின் பரிசோதனையில், உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டும்படி பயோட்டின் செய்துவிடலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நெஞ்சு இறுக்கத்தோடு அவசரப் பிரிவுக்குச் செல்பவருக்கு இது சிறிய செய்தியல்ல.

குறிப்பேடு ஒன்றைத் தொடங்குங்கள்

நினைவு நம்மை ஏமாற்றும். ஒரு பொருளின் மீது சந்தேகம் வந்துவிட்டால், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு இருமலும் அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அதற்கு முன் வந்த இருமல்கள் மறந்துபோகும். எனவே குறைந்தது இரண்டு வாரங்களுக்காவது எழுத்தில் பதிய வேண்டும்.

இதற்கு மிகவும் உதவும் கருவி பீக் ஃப்ளோ மீட்டர். முழு வேகத்தில் ஊதும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியேறுகிறது என்பதை அது காட்டும். நிமிர்ந்து நின்று, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, வாய்க்குழலை உதடுகளால் இறுக மூடி, ஒரே வீச்சில் வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, மூன்றில் உயர்ந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். காலையில் எழுந்தவுடன் இன்ஹேலருக்கு முன்பு ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஊதினால் போதும். நோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்த காலத்தில் கிடைத்த உங்கள் மிக உயர்ந்த எண்ணே உங்களுக்கான அளவுகோல். அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலை நன்று. 50-க்கும் 80-க்கும் இடைப்பட்டால் எச்சரிக்கை. 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவசரம்.

எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் சில விவரங்களும் தேவை: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, உணவுக்கு முன்பா பின்பா, எவ்வளவு தண்ணீருடன், அதன் பிறகு எப்போது படுத்தீர்கள், இரவில் எத்தனை மணிக்கு இருமல் எழுப்பியது, நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள், தடுப்பு இன்ஹேலர் (இழுப்பு வராமல் காக்கத் தினமும் எடுப்பது) தவறியதா, சளி, காய்ச்சல், புகை, தூசி போன்றவை ஏதேனும் இருந்தனவா. இவற்றை எழுதுவது அலுப்பான வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் இந்த அலுப்பான வேலைதான் விடை தந்தது.

என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையையும் ஒரு மீன் எண்ணெய் கேப்ஸ்யூலையும் தானாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கினாள். மூன்றாம் வாரத்தில் இரவு இரண்டு மணிவாக்கில் இருமல் எழுப்பத் தொடங்கியது. அவளுடைய மிக உயர்ந்த பீக் ஃப்ளோ 400. மாலை எண்கள் 380, 390 என்று நன்றாகவே இருந்தன. காலை எண்களோ 310, 300 என்று இறங்கியிருந்தன. ஆஸ்துமாவில் காலை எண் சற்றுக் குறைவது இயல்புதான். ஆனால் முன்பெல்லாம் அந்த வித்தியாசம் அவளுக்கு இவ்வளவு இருந்ததில்லை. வைட்டமின் சி ஒத்துக்கொள்ளவில்லை என்றே நாங்கள் அனைவரும் முடிவு கட்டியிருந்தோம். மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரை பத்தரை மணிக்கு, படுக்கை பத்தே முக்காலுக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, தினமும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாய்த் தண்ணீருடன் இரண்டையும் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வது அவள் வழக்கம். அமிலத்தன்மை உள்ள மாத்திரையும் எண்ணெயும் இரவில் எதுக்களித்து மேலே வந்து, உணவுக்குழாயையும் தொண்டையையும் உறுத்தி, இருமலையும் இழுப்பையும் கிளப்பியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அதே மாத்திரைகளைக் காலை உணவுக்குப் பிறகு, ஒரு முழுக் குவளைத் தண்ணீருடன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரத்தில் காலை எண் 370-ஐத் தொட்டது. குற்றவாளி மாத்திரை அல்ல. அதை விழுங்கிய நேரம்.

எதுக்களித்தல் ஆஸ்துமாவைக் கூட்டும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. வைட்டமின் சி, இரும்புச்சத்து, பொட்டாசியம் ஆகிய மாத்திரைகள் உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண் உண்டாக்கக்கூடியவை. எனவே எந்தச் சந்தேகத்துக்கும் முன்னால் இந்த எளிய திருத்தத்தைச் செய்து பாருங்கள்: பகலில், உணவுக்குப் பின், நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அடுத்த ஒரு மணி நேரமாவது படுக்காமல் இருங்கள்.

புட்டியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்

லேபிளின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் "பிற உட்பொருட்கள்" என்ற தலைப்பின்கீழ் உள்ள வரிகளைப் படியுங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படம் பிறகு மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

முதலில் தேட வேண்டியது சல்ஃபைட். கெடாமல் காப்பதற்காகச் சேர்க்கப்படும் இந்தப் பொருட்கள் பல நாடுகளின் லேபிள்களில் இ 220 முதல் இ 228 வரையிலான எண்களால் குறிக்கப்படுகின்றன. சோடியம் மெட்டாபைசல்ஃபைட், பொட்டாசியம் பைசல்ஃபைட் போன்ற பெயர்களிலும் இருக்கும். இவற்றிலிருந்து வெளியேறும் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, குறிப்பாக நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு, இது சில நிமிடங்களிலேயே இழுப்பை வரவழைக்கும். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி உண்டு. திரவ வடிவிலான சத்து மருந்துகளிலும், உலர்ந்த பழச்சாறு சேர்த்தவற்றிலும் இதைக் கவனமாகத் தேடுங்கள்.

இங்கே பலர் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு. ஃபெரஸ் சல்ஃபேட், ஜிங்க் சல்ஃபேட், மெக்னீசியம் சல்ஃபேட் என்று எழுதியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை மூச்சுக்குழாயைச் சுருக்குவதில்லை. சொல்லப்போனால், கடும் ஆஸ்துமாத் தாக்குதலில் மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்துகளில் மெக்னீசியம் சல்ஃபேட்டும் ஒன்று.

அடுத்தது தேனீ சார்ந்த பொருட்கள். ராயல் ஜெல்லி, தேனீ மகரந்தம், புரோபோலிஸ் ஆகியவை "இயற்கையான வைட்டமின் களஞ்சியம்" என்ற பெயரில் சேர்க்கப்படுகின்றன. என் பார்வையில், ஆஸ்துமா உள்ளவர் லேபிளில் இவற்றைக் கண்டால் அந்தப் புட்டியைத் திருப்பி வைத்துவிடுவதே நல்லது. ராயல் ஜெல்லியால் கடும் இழுப்பும் அனாஃபிலாக்சிஸும், அரிதாக மரணமும் நேர்ந்தது பதிவாகியுள்ளது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களைக் குறிப்பிட்டு எச்சரிக்கும் வாசகம் அதன் லேபிளில் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் விதித்திருக்கிறார்கள். இதில் சத்து எவ்வளவு இருந்தாலும், வேறு வழியில் பெற முடியாத சத்து எதுவும் இல்லை.

நோய் எதிர்ப்பாற்றலுக்கு என்று வைட்டமின் சி-யுடன் சேர்த்து விற்கப்படும் எக்கினேசியா, செவ்வந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அந்தக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆஸ்துமா கூடிய நிகழ்வுகளும் உண்டு. மூட்டு வலிக்கான கூட்டு மாத்திரைகளில் இரண்டு பொருட்களைக் கவனியுங்கள். ஒன்று வில்லோ மரப்பட்டைச் சாறு. அது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலேட் வகை. வயது வந்த ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கு ஆஸ்பிரினும் அதைப் போன்ற வலி நிவாரணிகளும் இழுப்பை வரவழைக்கும். மூக்கில் சதை வளர்ச்சியும் அடிக்கடி மூக்கடைப்பும் உள்ளவர்களிடம் இது அதிகம். அவர்கள் இந்தச் சாறு உள்ள எதையும் தவிர்க்க வேண்டும். மற்றொன்று குளுக்கோசமைன். இது பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. இறால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் முக்கியமாகச் சதையில்தான் இருக்கிறது, ஓட்டில் அல்ல. ஆகவே அச்சம் பெரிதல்ல. ஆயினும் இதை எடுத்தபின் ஆஸ்துமா கூடியதாக மருத்துவ இதழ்களில் ஓரிரு நிகழ்வுகள் வந்துள்ளன. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எண்ணெயில் கரையும் ஏ, டி, ஈ வைட்டமின்களின் கேப்ஸ்யூல்களில் எந்த எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சோயா எண்ணெய் இருக்கலாம். சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெயும் இருந்ததுண்டு. உறை ஜெலட்டினாக இருந்தால், அரிதாக அதற்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

நிறங்களின் மீது, குறிப்பாக இ 102 என்று குறிக்கப்படும் டார்ட்ரசின் என்னும் மஞ்சள் நிறத்தின் மீது, நீண்ட காலமாகப் பழி இருந்து வருகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆஸ்துமா உள்ள அனைவரும் அதைத் தவிர்ப்பதால் பொதுவாக நன்மை விளைவதாகத் தெரியவில்லை. அதற்கென்று தனியே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டுமே அது பொருட்டாகலாம். நிறமில்லாத அதே வைட்டமின் எளிதில் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மஞ்சள் நிறத்தைக் கண்டதுமே காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

வைட்டமினே காரணமாகும் அரிய நிலைகள்

ஃபோலிக் அமிலத்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சுக்குழாய் சுருங்கியது மிக அரிதாகப் பதிவாகியுள்ளது. ஊசி வழியாகச் செலுத்தப்படும் பி1, பி12, கே ஆகிய வைட்டமின்கள் அரிதாக அனாஃபிலாக்சிஸை உண்டாக்கியதுண்டு. எனவே ஆஸ்துமா உள்ளவர்கள் இத்தகைய ஊசிகளை, அவசர சிகிச்சைக்கு வசதியுள்ள இடத்தில் போட்டுக்கொண்டு, சிறிது நேரம் அங்கேயே காத்திருந்துவிட்டு வர வேண்டும்.

நியாசின் என்னும் பி3 கொஞ்சம் கூடுதலாகப் போனாலே முகமும் கழுத்தும் சிவந்து, சூடேறி, அரிப்பெடுக்கும். தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரப்பதால் வரும் இது, பார்ப்பதற்கு ஒவ்வாமை போலவே இருந்து பலரைப் பதறச் செய்கிறது. பீக் ஃப்ளோ எண் இறங்காமல், மூச்சில் சத்தம் இல்லாமல், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகத் தணிந்தால் அது பெரும்பாலும் நியாசினின் வேலையே. எண் இறங்கினால் அது வேறு கதை, மருத்துவரிடம் செல்லுங்கள்.

மாத்திரை புரை ஏறுவதை யாரும் இந்தப் பட்டியலில் நினைத்துப் பார்ப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை தவறி மூச்சுக்குழாய்க்குள் சென்றால், அங்கே கரைந்து உட்சுவரைப் புண்ணாக்கி, விடாத இருமலையும் இழுப்பையும் உண்டாக்கும். வயதானவர்களிடமும் விழுங்கச் சிரமப்படுபவர்களிடமும் இது ஆஸ்துமா என்றே தவறாக எண்ணப்படக்கூடும். மாத்திரை விழுங்கும்போது புரை ஏறி, அதன்பின் இருமல் நிற்காமல் தொடர்ந்தால், அந்த நிகழ்வை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளை நீரில் கலக்கும்போது அது மூச்சில் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பப்பாளியிலிருந்து எடுக்கப்படும் பப்பைன், அன்னாசியிலிருந்து எடுக்கப்படும் புரோமலைன், இசப்கோல் உமி ஆகியவற்றின் தூளை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததுண்டு.

ஆஸ்துமா மருந்துடன் மோதும் பொருட்களும் இருக்கின்றன. மாத்திரையில் சேர்ந்திருக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, தியோஃபிலின் என்னும் ஆஸ்துமா மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடலாம். அதனால் வைட்டமின் மாத்திரை ஆஸ்துமாவைக் கூட்டியது போலத் தோன்றும். "உற்சாகம்" தரும் வைட்டமின்களில் உள்ள காஃபின், தியோஃபிலினுடன் சேர்ந்து படபடப்பைக் கூட்டும். அதிமதுரச் சாறு உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நிவாரண இன்ஹேலரும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதே திசையில் இழுப்பவை என்பதால், மூன்றும் சேர்வது இதயத்துக்கு நல்லதல்ல.

தற்செயலாக இருக்குமோ என்று கேளுங்கள்

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான சந்தேகங்கள் கரைந்துபோகின்றன என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள். வைட்டமின் மாத்திரையை மக்கள் எப்போது தொடங்குகிறார்கள்? தொண்டை கரகரக்கும்போது, உடம்பு அசதியாக இருக்கும்போது, சளி பிடிக்கப் போகிறது என்று தோன்றும்போது. ஆஸ்துமாவைக் கிளப்புவதில் சளி உண்டாக்கும் வைரஸ்களுக்கு முதன்மையான இடம் உண்டு. சளி தொடங்கிய சில நாட்களில் இழுப்பு கூடும். ஆக, வந்துகொண்டிருந்த சளிக்காகத் தொடங்கிய மாத்திரை, அந்தச் சளி கொண்டுவந்த இழுப்புக்குப் பொறுப்பேற்க நேர்கிறது. குறிப்பேட்டில் மாத்திரை தொடங்கிய நாளுக்கு முந்தைய மூன்று நாட்களை நினைவுபடுத்தி எழுதினால் இது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

புதிதாக வந்த வேறு மருந்துகளையும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து, ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் ஆகியவற்றை இந்த விஷயத்தில் வைட்டமினைவிடப் பல மடங்கு அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். கண்ணில் விடும் சொட்டு நுரையீரலைத் தொடும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை, தொடும்.

இன்னொன்று, நான் மிகவும் கவலையோடு சொல்வது. சத்து மாத்திரை தொடங்கியதும், "இனி உடம்பு தேறிவிடும்" என்ற நம்பிக்கையில் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு உள்ள அந்த இன்ஹேலரின் பலன் நின்ற மறுநாளே மறைந்துவிடாது. சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் மூச்சுக்குழாயின் வீக்கம் திரும்பும். அப்போது கையில் இருப்பது வைட்டமின் புட்டி என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. குறிப்பேட்டில் தடுப்பு இன்ஹேலர் தவறியதா என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

நிறுத்திப் பார்ப்பதும், மீண்டும் தொடங்குவதும்

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் நீடித்தால், நீங்களாகத் தொடங்கிய சத்து மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். அதை மட்டும் நிறுத்த வேண்டும். அதே வாரத்தில் தலையணையை மாற்றுவது, இன்ஹேலரை மாற்றுவது, புதிய உணவு முறையைத் தொடங்குவது ஆகியவற்றைச் செய்தால் எதனால் மூச்சு சரியானது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரங்களுக்குக் குறிப்பேட்டைத் தொடருங்கள். சேர்க்கைப் பொருள் காரணமாக இருந்தால் ஓரிரு நாட்களிலேயே முன்னேற்றம் தெரிய வாய்ப்புண்டு. வைட்டமின் டி போன்றவை இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், அவற்றின் விஷயத்தில் நான்கு நாட்களில் தீர்ப்பு எழுதக் கூடாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தவற்றின் நிலை வேறு. கருவுற்றிருப்பவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் எடுக்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கிறது. நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் தரப்படும் கால்சியமும் வைட்டமின் டி-யும் எலும்பைக் காக்கின்றன. பி12 குறைபாட்டுக்கும் இரத்தசோகைக்குமான மருந்துகளும் அப்படியே. ஒவ்வாமையின் அடையாளம் தெரியாத வரை இவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரை உடனே அழைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் வேறு சேர்க்கைப் பொருட்களைக் கொண்ட அதே சத்தை மாற்றித் தர முடியும்.

நிறுத்தியதும் நலமானால், மீண்டும் ஒரு மாத்திரை போட்டு உறுதி செய்துகொள்ளத் தோன்றும். வீட்டில் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். முதல் முறை லேசான இழுப்பாக வந்தது இரண்டாம் முறை உயிருக்கு ஆபத்தாகலாம். தேவையென்றால் ஒவ்வாமை நிபுணர், அவசர மருந்துகள் தயாராக உள்ள இடத்தில், மிகச் சிறிய அளவில் தொடங்கி, மூச்சை அளந்துகொண்டே சோதிப்பார். எதுக்களித்தலுக்காக நேரத்தை மாற்றுவது இதில் சேராது. ஆனால் தடிப்போ வீக்கமோ எப்போதாவது வந்திருந்தால் அதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

மருத்துவர்கள் இந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், குறிப்பேட்டின் மதிப்பு விளங்கும். 1981-இல் வெளியான நரன்ஹோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் உள்ளன. மருந்துக்குப் பிறகுதான் அறிகுறி வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, மீண்டும் கொடுத்தபோது திரும்பியதா, வேறு காரணம் இருக்க முடியுமா என்ற வகையில் அவை அமைந்திருக்கும். மதிப்பெண் 9-ம் அதற்கு மேலும் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம், அதற்கும் கீழே ஐயத்துக்கு உரியது. சத்து மாத்திரையையும் ஆஸ்துமாவையும் பற்றி வரும் புகார்களில் பல "இருக்கலாம்" என்பதோடு நின்றுவிடுவதற்குக் காரணம், தேதியும் நேரமும் எழுதப்படாமல் போனதே என்பது என் எண்ணம்.

அந்த மாத்திரை உங்களுக்குத் தேவைதானா

நிறுத்திய மாத்திரைக்கு மாற்றுத் தேடும் முன் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா குறையும் என்ற நம்பிக்கையில் வைட்டமின் டி எடுப்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 408 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான விடா ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதை அதிக அளவில் கொடுத்தும் சிகிச்சைத் தோல்வி, அதாவது சிகிச்சையிலும் ஆஸ்துமா கட்டுமீறுவது, குறையவில்லை. தாக்குதல்கள் குறையலாம் என்று 2016-இல் நம்பிக்கையூட்டிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, 2023-இல் கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலனைக் காணவில்லை. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் எலும்புக்காக எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலருக்கு மாற்றாக அல்ல. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடந்து 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

தேவை என்று உறுதியானால், ஒரே ஒரு சத்து உள்ள, நிறமும் மணமும் மூலிகையும் சேராத தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள். இருபத்தைந்து பொருட்கள் உள்ள மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால், எது காரணம் என்று கண்டுபிடிக்க யாராலும் எளிதில் முடியாது. ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் உள்ள, சளியில்லாத வாரத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், காலையில் தொடங்குங்கள். முதல் மாத்திரை போடும் நாளில் நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்திலும், துணைக்கு ஒருவர் வீட்டிலும் இருக்கட்டும்.

சந்தேகம் வலுவாக இருந்தால், உங்கள் நாட்டின் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அமைப்புக்கு மருத்துவர் வழியாகவோ நேரடியாகவோ தெரிவியுங்கள். உலக அளவில் இத்தகைய பதிவுகளைத் திரட்டும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 1968-இல் தொடங்கியது. ஒரு புட்டியைப் பற்றி ஒருவர் அனுப்பும் குறிப்பு, அதே புட்டியைப் பற்றி வேறெங்கோ இருப்பவர் அனுப்பியதோடு அங்கே சேர்கிறது. தயாரிப்பின் முழுப் பெயர், உட்பொருள் பட்டியலின் படம், தொகுதி எண், காலாவதித் தேதி, தொடங்கிய நாள், அறிகுறி வந்த நாளும் நேரமும், நிறுத்திய நாள், உடன் எடுத்த பிற மருந்துகள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஆகவே விசாரணை முடியும் வரை, காலியானாலும் அந்தப் புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.